ஆஸ்டினில் அப்பிரதட்சணம்

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமனார், மாமியாருக்கு ஆஸ்டினில் கோவில், காஸ்ட்கோ, கேப்பிட்டல் கட்டடம் எல்லாம் காட்டி முடித்தாயிற்று. "அப்பாதான் டிசம்பர்ல சபா சபாவா அலைவாரே, உங்க ஹாங்கி டாங்குக்கு கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி. கிண்டலா என்று யோசிப்பதற்குள் மாமனார் பேன்ட் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஹாங்கி டாங்க் என்றால் கன்ட்ரி இசையும் ஆட்டமும் நடக்கிற பார். தாழ்வான கூரை, மரத்தரை, பீர் வாசனை. 1933இல் மதுவிலக்கு முடிந்த பிறகு டெக்சாஸில் பெருகிய இடங்களின் வாரிசு இது. குடிக்கிறவர்களின் கூச்சலைத் தாண்டிக் காதில் விழவேண்டும் என்றுதான் இந்த இசையில் கிதாருக்கே மின்சாரம் ஏறியது. சைவத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் மட்டும்.

உள்ளூர் பேண்டில் ஐந்து பேர். மாமனாரின் கண் பெடல் ஸ்டீல் வாசிப்பவரை விட்டு நகரவில்லை. மேஜை மாதிரி கிடக்கிற கருவியில் பத்துக் கம்பிகள். இடது கையில் ஓர் இரும்பு உருளை வழுக்கிக்கொண்டே போகிறது. பாதம் பெடலை அழுத்துகிறது, முழங்கால் லீவரைத் தள்ளுகிறது. முகம் மட்டும் அசையவே இல்லை.

"மாப்ளை, இது நம்ம கோட்டுவாத்தியம். கால் வச்சுட்டான், அவ்வளவுதான்."

அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. தொடையில் தாளம் போட்டபடியே, "எல்லாமே சங்கராபரணமா இருக்கே, இதுல என்ன சட்டத்தை மீறினாங்க?" என்றார். அவுட்லா கன்ட்ரி, அதாவது சட்டத்தை மீறியவர்களின் கன்ட்ரி என்று நான்தான் பில்டப் கொடுத்திருந்தேன். அந்தக் காலத்தில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பாட்டு, வாசிப்பவர்கள், பின்னணி வயலின்கள் எல்லாம் பெரும்பாலும் இசைத்தட்டுக் கம்பெனி வைத்த தயாரிப்பாளர் முடிவு. வேலன் ஜென்னிங்ஸ், வில்லி நெல்சன் போன்ற பாடகர்கள் 'எங்கள் பேண்டோடு, எங்கள் இஷ்டப்படி' என்று முரண்டு பிடித்தார்கள். வில்லி 70களின் தொடக்கத்தில் இந்த ஊருக்கே வந்துவிட்டார் என்றேன். 1976இல் இவர்கள் பாட்டுகளைச் சேர்த்துக் கம்பெனி வெளியிட்ட ஆல்பம்தான் பத்து லட்சம் விற்று பிளாட்டினம் வாங்கிய முதல் கன்ட்ரி ஆல்பம் என்பதையும் சொன்னேன்.

"பத்து லட்சமா? அப்ப கம்பெனிக்காரனுக்கும் சந்தோஷம்தானே!"

மாமியாரின் கவலை வேறு. "எல்லாரும் அப்பிரதட்சணமா சுத்தறாங்களே!"

உண்மைதான். டூ ஸ்டெப் ஆடும் ஜோடிகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் போகவேண்டும். வேகக்காரர்களுக்கு வெளிவட்டம், கற்றுக்கொள்கிறவர்களுக்கு நடுப்பகுதி. நம் ரிங் ரோட்டில் இந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது.

இது தெரியாமல் மாமனார் பாத்ரூமுக்குக் கிளம்பினார். அறுபது வருஷக் கோவில் பழக்கம். ஆடுகிற தரையில் ஏறி, ஓரமாக, பிரதட்சணமாக நடந்தார். எதிரே வேகக்காரர்கள். ஒரு தொப்பி விலகியது, ஒரு ஜோடி பிரேக் போட்டது. பூட்ஸ் போட்ட எழுபது வயது அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து, தோளைத் திருப்பி, சரியான திசையில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். டூ ஸ்டெப்பின் அடிகள் இப்படி: வேகம், வேகம், நிதானம், நிதானம். முதல் சுற்றில் பேயறைந்த முகம். இரண்டாவது சுற்றில் உதடு எதையோ எண்ணியது. நான்காவதில் எங்களைத் தாண்டும்போது தலையாட்டிவிட்டுப் போனார்.

வியர்வையோடு வந்து உட்கார்ந்தவர் பாத்ரூமை மறந்தே போயிருந்தார். "மாப்ளை, பாட்டு நாலு நாலா போகுது. காலுக்கு ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஆக ஆறு. பன்னெண்டுல ரெண்டும் வந்து சேருது! இவங்க யாருமே எண்ணாம ஆடறாங்க!" டிப்ஸ் வாளி வந்ததும் ஐந்து டாலர் போட்டார். கோவில் உண்டியலில்கூட ஒரு டாலருக்கு மேல் போட்டு நான் பார்த்ததில்லை.

மாமியார் இதையெல்லாம் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். வீடு வந்து சேர்வதற்குள் நாற்பது கைதட்டல். சித்தப்பா மட்டும், "அண்ணா ஆட்டம் பிரமாதம். கூட ஆடறது யாரு?" என்று கேட்டிருந்தார். மாமியார் அதற்கு இன்னும் பதில் போடவில்லை.