நாலாய் மடித்த சிலபஸ்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். எந்த வருடம் போனாலும் முதல் வாரத்தில் ஒரு கேள்வி வந்துவிடும்: "சார், மொத்தம் எத்தனை யூனிட்?" ஐந்து என்று அவர்களுக்கே தெரியும். எதை விட்டுவிட்டால் பாஸ் ஆகலாம் என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி.

இதற்காகப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. சிலபஸைக் கேள்வித்தாளிலிருந்து பின்னோக்கிப் படிக்க நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம். நான் படித்த காலத்தில் எட்டுக் கேள்வியில் ஐந்து எழுதினால் போதும், ஒரு யூனிட்டைத் தைரியமாக விடலாம். இப்போது யூனிட்டுக்குள்ளேயேதான் சாய்ஸ். ஒரு மதிப்பெண் வினா இரண்டு, ஐந்து மதிப்பெண்ணில் ஒன்று, எட்டு மதிப்பெண்ணில் ஒன்று என்று கூட்டினால் ஒரு யூனிட்டுக்கு 15 வந்துவிடும். மொத்த மதிப்பெண் 75-ல் 15 போனால் என்ன ஆகும் என்று போர்டில் போட்டுக் காட்டுவேன். அப்படியும் ஐந்தாவது யூனிட்டை விடுவார்கள், ஏனென்றால் அதை நாங்களே கடைசி வாரத்தில் அள்ளித் தெளித்துவிட்டுப் போகிறோம். ஸ்டாஃப் ரூமில் "போர்ஷன் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறோம், பையனுக்கு என்ன புரிந்தது என்று யாரும் விசாரித்து நான் அதிகம் கேட்டதில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கல்லூரி மூடியிருந்து திறந்தபோது எனக்கு வந்த முதல் கவலையும் போர்ஷன்தான், இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. இந்தியப் பொருளாதாரம் தாளில் வேளாண்மை யூனிட். அதில் "பாசனம்" என்று ஒரே ஒரு சொல், முன்னாலும் பின்னாலும் ஒரு கோடு. பாசன வகைகள், நன்மைகள், குறைகள் என்று டிக்டேஷன் போட்டுக்கொண்டே போனேன். கடைசி பெஞ்சில் சேரன்மகாதேவிப் பையன் ஒருவன் எழுதாமல் இருந்தான். "ஏன்ப்பா எழுதல?" என்றேன். "நோட்டு போயிட்டு சார், வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு" என்றான். சரி, உட்கார் என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். ஏனோ, வயல் இருக்கிறதா என்று கேட்டேன். அப்பாவுக்குக் கன்னடியன் கால்வாயில் வயல். அதற்கப்புறம் அந்தப் பீரியட் முழுக்க அவன்தான் பேசினான்: மடை எப்போது திறப்பார்கள், கடைமடைக்காரன் ஏன் சண்டைக்கு வருகிறான், கார், பிசானம் என்கிற இரண்டு நெல் பருவத்துக்கும் தண்ணீர் எப்படி மாறும், எல்லாம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு என்று நான் சொன்னதும், மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சிலபஸில் இருந்த ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் நம்முடைய சிலபஸ் வெறும் தலைப்புகளின் வரிசை. வெளிநாட்டில் பல இடங்களில் பாடம் எடுக்கிறவரே அதை எழுதுகிறார், எந்த வாரம் எதைப் படித்துவிட்டு வரவேண்டும், எப்போது அவரைப் பார்க்கலாம் என்பது வரை அதில் இருக்கும். இங்கே பாடத்திட்டக் குழு எழுதி அனுப்புகிறது. ஒவ்வொரு சொல்லும் எதுவரை நீளும் என்பதைக் கைடு போடுகிறவர்தான் முடிவு செய்கிறார். அந்த வேலை நம்முடையது என்று எனக்கு அழுத்தமாகவே தோன்றுகிறது.

அதனால் இப்போது முதல் இரண்டு பீரியடும் பாடம் எடுப்பதில்லை. எல்லார் கையிலும் ஒரு ஜெராக்ஸ், வரிவரியாகச் சேர்ந்து வாசிக்கிறோம். இந்தச் சொல்லுக்கு நான் என்ன நடத்தப்போகிறேன், எந்த வாரம், லைப்ரரியில் எந்தப் புத்தகம், இன்டர்னல் எதிலிருந்து வரும் என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். ஐந்தாவது யூனிட்டின் ஒரு பகுதியை இரண்டாவதோடு சேர்த்தே முடித்துவிடுகிறேன். அன்றன்றைக்கு நடத்தியதைக் குறித்துவைக்கிற ஒர்க் டன் ரிஜிஸ்டரில் இதை எப்படி எழுதுவது என்று கொஞ்சம் தடுமாற்றம்தான், ஆனால் சமாளிக்கலாம்.

போன செமஸ்டரில் வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு மாணவி, நாலாய் மடித்து மடிப்பில் கிழிந்துபோன அந்த ஜெராக்ஸை எடுத்து வந்து நீட்டினாள். பென்சில் எழுத்து பாதி அழிந்திருந்தது. நான்காவது யூனிட்டில் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம். "இதுக்கு என்ன நடத்துவீங்கன்னு அன்னைக்குச் சொல்லவே இல்லையே சார்?"

உண்மைதான், அதைத் தாண்டிப் போயிருந்தேன். மறுநாள் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.