அம்மாவான பிறகு ஒரு வெண்கலம்

மகன் பிறந்து பதினோரு மாதம் கழித்து ஜூடோ உடையைப் பரணிலிருந்து இறக்கினேன். அந்துருண்டை வாசனை. முன்பு பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் நுனி இரண்டும் தொடைவரை தொங்கும். இப்போது ஒரு சாண்கூட மிஞ்சவில்லை. முடிச்சு சரியாக ஆபரேஷன் தழும்புக்கு மேலே வந்து உட்கார்ந்தது.

“ஏட்டி, புள்ள பெத்த உடம்பு. கீழ விழுந்து எந்திரிக்கதுக்கு இப்ப என்ன அவசரம்?” என்றாள் அம்மா. தாராவிக்கு வந்து முப்பது வருஷமாகியும் அவள் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது.

அவளிடம் ஜூடோ வீராங்கனை ரியோகோ தானியைப் பற்றிச் சொன்னேன். ஜப்பானில் ஃபுகுவோகா ஊர்க்காரி. உயரம் 146 சென்டிமீட்டர், எடைப்பிரிவு 48 கிலோ. பெண்கள் ஜூடோவுக்கு முதன்முதலாகப் பதக்கம் கொடுத்த 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், 16 வயதில் வெள்ளி. அட்லாண்டாவுக்குப் போகும்போது தொடர்ந்து 84 வெற்றி கையில் இருந்தது. இறுதிப்போட்டியில் வடகொரியாவின் கே சுன் ஹுய் என்ற 16 வயதுப் பெண்ணிடம் தோற்றாள். மறுபடியும் வெள்ளி. தங்கத்துக்கு சிட்னிவரை, மொத்தம் எட்டு வருஷம் காத்திருந்தாள். அங்கே இறுதிப்போட்டி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை, எதிராளியை மல்லாக்கப் போட்டு, ஆட்டத்தை அங்கேயே முடிக்கிற முழுப்புள்ளியான இப்போனை வாங்கிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் பெயர் தமுரா. தமுராவாகத் தங்கம், தானியாகத் தங்கம் என்று சொல்லிவிட்டுத்தான் 2004-இல் ஏதென்ஸ் போனாள். சொன்னபடியே வாங்கினாள். அடுத்த வருஷம் மகன் பிறந்தான். அப்புறம் அம்மாவாகவும் தங்கம் என்றாள். 2007-இல் ரியோவில் ஏழாவது முறையாக உலக சாம்பியன்.

பெய்ஜிங்கில் மட்டும் நடக்கவில்லை. அரையிறுதியில் ருமேனியாவின் அலினா துமித்ருவோடு ஆட்டம் சமமாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசி நொடிகளில் நடுவர் கொடுத்த தண்டனையில் தோற்றாள். 32 வயது, வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளை, கேட்ட தங்கம் கைநழுவிப் போயிற்று. ஆனாலும் அதே நாளில் திரும்ப ஜூடோ விரிப்பில் ஏறி வெண்கலத்தை வென்றாள். எல்லோரும் அவளுடைய இரண்டு தங்கத்தைச் சொல்வார்கள். எனக்கு அந்த வெண்கலம்தான் பெரிது. அந்த இடைவேளையில் அவள் எப்படித் தன்னைத் தேற்றிக்கொண்டு மறுபடி சட்டைக் காலரைப் பிடித்திருப்பாள் என்று பல ராத்திரி, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே யோசித்திருக்கிறேன்.

முதல் நாள், தாராவிக்குப் பக்கத்திலிருக்கும் சயானில் நடக்கும் ஜூடோ வகுப்பில் உகேமி மட்டும்தான், அதாவது விழப் பழகுவது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு தரையில் படும் அதே கணத்தில் கையால் விரிப்பை அறைய வேண்டும். எண்ணி நாற்பது தடவை விழுந்தேன். கடைசிப் பத்தில்தான் கை அறைகிற சத்தம் பழையபடி ‘பட்’டென்று கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, உடையை வாங்கி வாளியில் ஊறப்போட்டாள். “காலர் நல்ல தடியா இருக்கு. காய ரெண்டு நாளாகும். இன்னொண்ணு வாங்கிக்கட்டி” என்றாள்.