பாதி துரு, பாதி தேங்காய் எண்ணெய்

ஜூன் 14, 2025, சனி

முட்டத்து வீட்டிலிருந்து பெரியம்மாவின் தையல் மிஷின் இன்று நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தது. மழை விட்ட அரைமணி நேரத்தில் டெம்போவில் ஏற்றி, வழியில் இரண்டு இடத்தில் நனைந்து, கடைசியில் கார் ஷெட்டில் இறக்கினோம். இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி இறக்கிய பக்கத்து வீட்டுப் பையன், "டீச்சர், இது மிஷினா நங்கூரமா?" என்றான். நங்கூரம்கூட இதைவிடச் சுத்தமாக இருக்கும்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அன்று பெரியம்மா வீட்டின் ஓடுகள் பறந்ததில் மிஷின் இருந்த அறை முழுக்க மழை. ஓடு மாற்றிய பிறகு பெரியம்மா மிஷினைத் துடைத்து, பிளாஸ்டிக் ஷீட்டால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டார். நல்லபடியாகப் பாதுகாப்பதாக நினைப்பு. உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே வியர்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது. கடல் கூப்பிடு தூரம் வேறு. காற்றில் வருகிற உப்பு இரும்பின் மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதைப் பாடமாக நடத்துகிறேன். ஆனால் பாடத்தில் துருவுக்கு வாசனை கிடையாது. ஷீட்டைப் பிரித்ததும் வந்தது பழைய காசு வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும் கலந்த ஒன்று.

வீல் ஒரு இம்மி அசையவில்லை.

இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைப்பகுதியின் அடித்தட்டில் ஈ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரண்டெழுத்தும் ஆறு இலக்க எண்ணும் இருக்கின்றன. சிங்கர், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர். பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, நான் கோட்டாறுல ஒரு டைலர்ட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினேன்" என்றார். அவருக்கு அது கோட்டாறு மிஷின்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று செய்ததெல்லாம் தப்பு. ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிறேன்.

முதலில் வாட்டர் பேப்பர். முகப்பில் இருக்கிற பளபளப்பான தகட்டில் கொப்புளம் கொப்புளமாகத் துரு எழும்பியிருந்தது. ஈரப்படுத்தித் தேய்த்தேன். துரு போனது, கூடவே நிக்கல் பூச்சும் போனது. கட்டைவிரல் அகலத்துக்கு இப்போது சாம்பல் நிறம் தெரிகிறது. பூச்சு போட்ட தகட்டில் துரு என்பது பெரும்பாலும் ஊசிமுனை அளவு ஓட்டை வழியாக அடியிலிருந்து வருவது. சுற்றிலும் நல்ல பூச்சு இருக்கும். அதையும் சேர்த்து உரசி எடுத்துவிட்டேன்.

அடுத்தது ஸ்க்ரூ. ஊசிக்கு அடியில் இருக்கிற தட்டைக் கழற்ற வீட்டிலிருந்த மெலிந்த ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகினேன். ஸ்க்ரூ தலையின் வாய் சிதைந்துவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் மரைக்குள் இப்படி இறுகிப் பிடித்துக்கொள்கிறது. தெரிந்தே செய்தேன்.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். கறுப்பு உடம்பின் மேல் அழுக்கு ஒரு படலமாக இருந்தது. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது, சந்தோஷமாக இருந்தது. அடுத்த பஞ்சு தங்கநிறத்தில் வந்தது. சிங்கர் என்ற ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டும் பஞ்சோடு வந்துவிட்டன. பழைய மிஷின்களில் அந்தப் பொன் எழுத்துக்கும் பூவேலைக்கும் மேல் பூசியிருப்பது அரக்கு. சானிடைசரும் பெரும்பாலும் ஸ்பிரிட்தான், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆசாரிமார் மரத்துக்குப் பாலிஷ் போட அதைத்தானே கரைக்கிறார்கள்! கெமிஸ்ட்ரி டீச்சர் என்று வெளியே சொல்லிக்கொள்ளக் கூசுகிறது.

பெரியம்மா வந்து பார்த்தார். "என்னத்துக்கு பிள்ளே இப்படிப் போட்டு உரைக்குற? அது என்ன மீன் சட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளி விட்டு வரும் வழியில் வடசேரியில் மிஷின் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் கடைக்குப் போனேன். மொபைலில் எடுத்த படங்களைக் காட்டினேன். முகப்புத் தகட்டைப் பார்த்தபோது உதட்டைப் பிதுக்கினார். எழுத்து போன படத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

வீல் அசையவில்லை என்றதும், "என்ன எண்ணெய் விடுவாங்க?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

"தேங்காய் எண்ணெயாத்தான் இருக்கும் டீச்சர். நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் அதுதான். பூட்டுக்கும் அது, சைக்கிளுக்கும் அது, மிஷினுக்கும் அது. மேல இருக்கிறது துரு. உள்ள பிடிச்சு வச்சிருக்கிறது துரு இல்ல, எண்ணெய். வீலை பலமாத் திருகிராதீங்க."

அவர் சொன்னதில் மற்றவை: கறுப்பு உடம்பில் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பதோடு சரி, வேறு எதுவும் படக்கூடாது. ஸ்பிரிங் எதையும் புளிப்பில் போடக்கூடாது, முறுக்கு செத்து உடைந்துவிடும். சிதைந்த ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிடக்கூடாது. சிங்கர் மரைக்கு அளவே தனி, ஹார்டுவேர் கடை ஸ்க்ரூ சேராது.

அகலமான ஒரு ஸ்க்ரூடிரைவரை இரவலாகக் கொடுத்தார். முனையை ஸ்க்ரூவின் வாய் அளவுக்குச் சாணை பிடித்து வைத்திருக்கிறார்.

ஜூன் 18, புதன்

பெரியம்மாவிடம் கேட்டேன். "பின்ன என்ன எண்ணெய் விடுவாவ? தலைக்குத் தேய்க்குற எண்ணெய்தான். செக்குல ஆட்டினது, சுத்தம்."

ஜூன் 21, சனி

மண்ணெண்ணெய்க்கு அலைந்ததைத் தனியாக எழுதலாம். ரேஷனில் குதிரைக்கொம்பு. கடைசியில் முட்டத்திலிருந்து பெரியம்மாவின் பக்கத்து வீட்டுத் தம்பி, வள்ளத்து இன்ஜினுக்கு வைத்திருந்ததில் அரை பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான்.

தலைப்பகுதியைப் பழைய பேப்பர் விரித்துச் சாய்த்து வைத்தேன். மேலே எண்ணெய் விடுகிற ஓட்டைகள், முகப்புத் தகட்டுக்குள், அடியில் இரும்பும் இரும்பும் உரசுகிற இடங்கள் என ஒவ்வொன்றிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் இரண்டு மூன்று துளி. கறுப்பு உடம்பில் வழிந்தால் உடனே துடைத்தேன். அரைமணி நேரம் விட்டு, அடிப்பக்கம் மகளின் ஹேர் டிரையரைக் காட்டினேன். மழைநாள் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கிற எண்ணெய்தானே, சூட்டுக்கு இளகும் என்று ஒரு கணக்கு.

ஆனால் இது வெறும் உறைந்த எண்ணெய் இல்லை. பல வருஷ நூல்பஞ்சும் தூசியும் சேர்ந்து பலாப்பழப் பிசின் மாதிரி ஆகியிருந்தது. அடியில் பெரிய தண்டு ஒன்று தாங்கியில் நுழைகிற இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு வளையமாக நின்றது. டூத் பிக்கால் நெருடினேன். முதலில் தேன்மெழுகு போல மடங்கியது. சூடு காட்டிய பிறகு நூலாக இழுபட்டது. அதற்கடியில் இரும்பு பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டுத் துரு இல்லை. பெரியம்மாவின் எண்ணெய் மிஷினை ஓடவிடாமல் செய்ததும் உண்மை, துருப்பிடிக்காமல் காத்ததும் உண்மை. இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மாலை நான்கு மணிக்கு வீலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். ஒரு நெல் அளவு போனது. மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சூடு. ஏழு மணிக்குக் கால் சுற்று. அதோடு கரண்ட் போய்விட்டது.

ஜூன் 22, ஞாயிறு

வீல் முழுச்சுற்று சுற்றியது! ஊசிக் கம்பி ஏறி இறங்குகிறது, துணியை நகர்த்துகிற பல் மேலே வந்து பின்னால் போகிறது. சப்தம் கரகரவென்று இருக்கிறது, ஆனால் ஓடுகிறது.

மண்ணெண்ணெயை உள்ளே அப்படியே விட்டுவிடக்கூடாது. அது கழுவுமே தவிர வழவழப்புத் தராது. துணியால் ஒற்றி எடுத்து, வெள்ளை மிஷின் எண்ணெய் இடத்துக்கு ஒரு துளி வீதம் விட்டேன். சிதைந்த ஸ்க்ரூவும் அகல ஸ்க்ரூடிரைவருக்குப் பணிந்தது. ஒரு வாரமாக எண்ணெயில் ஊறியதும் காரணமாக இருக்கலாம். முதலில் அரை நூலிழை இறுக்கி, பிறகு தளர்த்தினேன். அப்படிச் செய்தால் மரையில் பிடித்திருக்கிற துரு நொறுங்கும்.

இனித் துரு. ஊசித்தட்டு, பாபின் பக்கம் இழுத்துத் திறக்கிற தட்டு, ஸ்க்ரூக்கள், துணியை அழுத்துகிற கால். வினிகர் வாங்கத்தான் இருந்தேன். பின்வாசலில் பெரியம்மா புளிச்சக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நேற்றைய மழையில் மரத்தடியே பச்சையாகக் கிடந்தது. இந்தக் காய்க்கு மலையாளத்தில் இரும்பன்புளி என்று பெயர். இரும்பு எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருஷம் யோசித்ததில்லை. "வெட்டுக்கத்தி துருப்பிடிச்சா இதைத்தான் வெட்டித் தேய்ப்போம்" என்றார் பெரியம்மா, ரொம்பச் சாதாரணமாக. இதில் இருப்பது ஆக்சாலிக் அமிலம், துருவைக் கரைப்பதில் கெட்டி. லேபில் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற சமாசாரம், கொல்லையில் அழுகிக் கிடக்கிறது.

இருபது காயை மிக்சியில் அடித்து, வடிகட்டாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, சாமான்களைப் போட்டேன். முன்பே எண்ணெய்ப்பிசுக்கு போகச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. பிசுக்கு இருந்தால் புளிப்பு உள்ளே இறங்காது. அரைமணியில் ஸ்க்ரூ தலைகளில் பொடிப்பொடியாகக் குமிழி. இரண்டு மணி நேரத்தில் சாறு மஞ்சள் கலந்த பச்சையானது. நான்காவது மணி நேரத்தில் ஊசித்தட்டை எடுத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். துரு கறுப்புச் சேறாக வழிந்து, அடியில் மங்கலான சாம்பல்நிற இரும்பு வந்தது.

சோடாமாவு கரைத்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வைக்கலாமென்று வெளியே வந்தால் வெயில் எங்கே இருக்கிறது? திண்ணையில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தேன். அதற்குள் தட்டின் மேல் மஞ்சள்பொடி தூவினாற்போல் புதுத்துரு. அமிலத்திலிருந்து வந்த இரும்பு அம்மணமாக நிற்கிறது, காற்றிலோ இடவப்பாதி மழைக்காலத்து ஈரம். மறுபடி சாற்றில் பத்து நிமிஷம், சோடா, தண்ணீர், இந்த முறை கையோடு ஹேர் டிரையர், சூடு ஆறும் முன்னே எண்ணெய். நின்றது.

(மகள் ஹேர் டிரையரை முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்கு வேண்டாம் நீயே வச்சுக்கோ என்றுவிட்டாள்.)

ஜூன் 28, சனி

முகப்புத் தகட்டில் மிச்சமிருந்த கொப்புளங்களுக்கு அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, ஒரு துளி எண்ணெய் தொட்டு, மெல்லத் தேய்த்தேன். அலுமினியம் நிக்கலைவிட மிருதுவானது, பூச்சைக் கீறாது. ஒரு மணி நேரம் ஆனது. போன பூச்சு போனதுதான்.

ஸ்டாண்டுக்கு இவ்வளவு கரிசனம் காட்டவில்லை. கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், ரெட் ஆக்சைடு, மேலே கறுப்புப் பெயிண்ட்.

ஜூலை 1, செவ்வாய்

மழை. பெயிண்ட் காயவில்லை.

ஜூலை 5, சனி

பெல்ட் புதிது, பாபின் சுற்றுகிற ரப்பர் வளையம் புதிது. பாபின் கேஸில் துரு தின்ற குழிகள் இருந்தன. துருவை எடுக்கலாம், குழியை நிரப்ப முடியாது. நூல் அதில் மாட்டும். வடசேரி அண்ணன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. நம் ஊரில் பிறகு வந்த கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை இந்தச் சிங்கர் 15 மாதிரியைப் பார்த்துச் செய்தவைதான். அதனால் ஸ்காட்லாந்து ஆலையை மூடியும் சாமானுக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் வேஸ்ட் துணியில் ஓட்டினேன். முதல் பத்து அடிக்கு நூலே பழுப்பாக வந்தது. அப்புறம் வெளுத்தது.

பெரியம்மா உட்கார்ந்தார். கண் ஆபரேஷன் செய்தவர், ஊசியில் நூல் கோத்தது நான்தான். கால் வைத்ததும் நாலு மிதிக்குள் தாளம் பிடித்துவிட்டார். தலையணை உறை ஒன்றின் ஓரம் முழுக்க நேர்கோடாக வந்தது. கையால் தடவிப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். பிறகு ஒரு மிதி மிதித்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, "கீழ எங்கேயோ ஒரு தட்டு கேக்குது மக்களே. முன்ன இல்ல."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தால் பெடலையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கிற கம்பியின் அடி ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. கால் சுற்று இறுக்கினேன். தட்டு நின்றது.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஷெட்டில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் பெரியம்மா மிஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் கோழி இறகும்.

"பெரியம்மா!"

"மேல விடல பிள்ளே. பெடலுக்குத்தான். ஒரே ஒரு துளி."