கெடுதல் என்று நான் அடித்த சொல்

நெல்லைச் சீமையின் நீதிமன்றங்களில் இருபத்தெட்டு ஆண்டுகள் தட்டச்சராக இருந்த எனக்கு, சாட்சியின் வாய்க்கும் காகிதத்துக்கும் இடையே உள்ள தூரம் விரல்களுக்குப் பழகிய ஒன்று. கூண்டில் நிற்பவர் தம் ஊர்ப் பேச்சில் சொல்வதை நீதிபதி எழுத்துத் தமிழாக்கிச் சொல்ல, நான் அடிப்பேன். "வெட்டிப்போட்டான்யா" என்பது "1ஆம் எதிரி வெட்டினார்" என்றாகும். மகனைக் கொன்றவனுக்கு அந்த மரியாதை விகுதியைப் போட்டது யார் என்று எந்தத் தாயும் கேட்டதில்லை.

ஒரு கொலை வழக்கில், நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த மூதாட்டி, "எம்மவன வெட்டிப்போட்டு, மருமவளையும் கெடுத்துப்போட்டானுவய்யா" என்றார். "மருமகளுக்கும் கெடுதல் செய்தார்கள்" என்று சொல்லப்பட்டது, அப்படியே அடித்தேன். குற்றப்பத்திரிகையில் இருந்தது கொலை மட்டுமே என்பதால், அடுத்த கேள்வி தெருவிளக்கு எத்தனை அடி தூரத்தில் எரிந்தது என்பதற்குத் தாவியது. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியபோது அந்த வரியில் அவர், "அம்புட்டுதானாய்யா?" என்றார். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டு, மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஓய்வு பெற்ற பின், பாளையங்கோட்டையில் சட்டம் படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்திக்காகப் பன்னாட்டுப் போர்க்குற்ற விசாரணைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். 1945 நவம்பரில் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மீது தொடங்கிய விசாரணையில் நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்த்தார்கள் என்பதும், பேசுபவர் வேகமெடுத்தால் மஞ்சள் விளக்கும், நிறுத்த வேண்டுமானால் சிவப்பு விளக்கும் எரிந்தன என்பதும் என்னைப் பொறாமைப்பட வைத்தன. ஆனால் அந்த நீதிமன்றத்தின் சாசனம் மானுடத்துக்கு எதிரான குற்றங்களை வரிசைப்படுத்திய இடத்தில் கொலை, அடிமைப்படுத்தல், நாடு கடத்தல் எல்லாம் இருக்க, பாலியல் வன்கொடுமை என்ற சொல் இல்லை.

அது உரிய இடத்துக்கு வர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ருவாண்டா இனப்படுகொலைக்காகத் தான்சானியாவின் அருஷாவில் அமைந்த தீர்ப்பாயத்தில், தபா என்ற ஊரின் தலைவராக இருந்த அகாயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையிலும் அது இல்லை. 1997இல் "ஜே" என்ற அடையாளத்தோடு சாட்சி சொன்ன பெண், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி, டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. தெருவிளக்குக்குத் தாவாமல், அந்த அமர்வு அதைக் கேட்டது. அவ்வாண்டு ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, இனப்படுகொலைக்காக ஒரு பன்னாட்டு நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி எனக் கண்ட முதல் தீர்ப்பு. வன்புணர்ச்சியும் இனத்தை அழிக்கும் செயலாகலாம் என்று சொன்னதும் அதுவே.

என்னை நிறுத்தியது அத்தீர்ப்பில் மொழியைப் பற்றி வரும் பகுதி. சாட்சிகள் தம் கின்யருவாண்டா மொழியில் சொன்ன "குர்யாமானா" என்பதற்குச் சேர்ந்து படுத்தல் என்றும் பொருள் உண்டு. இன்னொரு சொல்லுக்குப் பலவந்தமாக எடுத்துக்கொள்ளுதல் என்று பொருள். அவர்கள் எதைக் குறித்துச் சொன்னார்கள் என்பதை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களிடமும் கேட்டு நீதிபதிகள் தெளிந்தார்கள். எங்கள் கூண்டில் நின்றவரிடம், "கெடுத்துப்போட்டானுவ என்றால் என்னம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

எங்கள் வழக்கில் எதிரிகளுக்குக் கொலைக்காகத் தண்டனை கிடைத்தது. கெடுதல் என்ற சொல்கூட அந்தத் தீர்ப்பில் வரவில்லை. தீர்ப்பையும் நான்தான் அடித்தேன்.