மாமா நிக்கான், பிள்ளை கேனான்

எங்க அக்கா வீட்டுக்காரர் ஓட்டுப் போடற சின்னத்தை மாத்தியிருக்கார். சிம் கம்பெனியை மாத்தியிருக்கார். சுகருக்கு இங்கிலீஷ் மருந்துலேர்ந்து சித்தாவுக்குப் போய், பயந்து திரும்பியும் வந்திருக்கார். கழுத்துல தொங்கற கேமராவோட மஞ்சள் எழுத்துப் பட்டையை மட்டும் மாத்தினதே இல்ல. மாமா நிக்கான் கட்சி.

எதிர்க்கட்சி, அவரோட பள்ளிக்கூடத்து சிநேகிதர். கடலூர் திருப்பாப்புலியூர்ல ஸ்டுடியோ வச்சிருக்கிற அண்ணன். அப்பா காலத்துலேர்ந்து கேனான். சாயங்காலம் மஞ்சக்குப்பத்துல டீக்கடையில ரெண்டு பேரும் உட்கார்ந்தா போதும், கடைக்காரர் நம்மளைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார்.

மாமா ஆரம்பிப்பார். "1959ல வந்த மவுண்ட்டுடா எங்களுது, லென்ஸைப் பூட்டற வாய். அன்னைக்கு வாங்கின லென்ஸுக்கும் மரியாதை உண்டு. உங்க கம்பெனி 1987ல என்ன பண்ணுச்சு? மவுண்ட்டை மாத்தி, உங்கப்பா வாங்கி வச்ச லென்ஸையெல்லாம் அலமாரியில தூங்க வச்சுது."

"போடா. நீ கட்டிப் புடிச்சிட்டுத் தூங்கினியே எஃப்எம் 10 கேமரா, அதைச் செஞ்சதே நிக்கான் இல்ல, கொசினான்னு வேற கம்பெனி. பேரை மட்டும் ஒட்டி வித்தாங்க."

இதுல வேடிக்கை என்னன்னா ரெண்டுமே உண்மை. அதனாலதான் சண்டை முடியவே மாட்டேங்குது.

இந்த நேரம் பார்த்து அக்கா பையன் பாண்டிச்சேரியில விஸ்காம் சேர்ந்தான். சொந்தமா கேமரா வேணும்னான். அக்கா சீட்டு எடுத்த பணத்தை ஒதுக்கி வச்சா. மாமா உடனே நெஞ்சை நிமித்தினார். "லென்ஸ் இல்லாத வெறும் பாடி மட்டும் வாங்கினா போதும். லென்ஸ் எல்லாம் நம்ம வீட்டுலயே இருக்கு."

கேமரா கட்சி விசுவாசத்தோட சூட்சுமமே இந்த ஒரு வரியிலதான் இருக்குன்னு எனக்குத் தோணும். பாடி வாங்கறது பொண்ணு பார்க்கப் போற மாதிரி, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுட்டு எழுந்து வந்துடலாம். லென்ஸ் வாங்கிட்டா சம்பந்தமே ஆயிடுச்சு. ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி பாடியில நேரா உட்காராது. மாறணும்னா சேத்து வச்ச லென்ஸை அத்தனையும் பாதி விலைக்குத் தள்ளணும். மனசு வராது. அந்த மனசு வராததுக்குத்தான் "எங்க கலரே தனி"ன்னு பேரு வச்சுக்கறாங்க.

மாமா பெட்டியைத் திறந்தார். சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்கு நடுவுல 50 எம்எம், 1.8, டி டைப். நல்ல லென்ஸ்தான். ஆனா ஃபோகஸ் பண்ற மோட்டார் அதுக்குள்ள கிடையாது, கேமராவுக்குள்ள இருக்கணும். மாமாவோட பழைய டி90 கேமராவுல இருக்கு. பையன் பார்த்து வச்ச புது நிக்கான் மிரர்லெஸ் கேமராவுல இல்ல. பழைய லென்ஸை அதுல பூட்டறதுக்குக் கம்பெனி தர்ற அடாப்டர் வளையத்துலயும் இல்ல. "அப்ப அப்பா லென்ஸைப் போட்டா ஆட்டோஃபோகஸ் வராதாப்பா?"ன்னு அவன் கேட்டதும் மாமா கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சார். அந்தக் கண்ணாடியில அழுக்கே இல்ல.

ஸ்டுடியோ அண்ணன் விடுவாரா? "1987லேர்ந்து வந்த எங்க ஈஎஃப் லென்ஸ் ஒவ்வொண்ணுக்குள்ளயும் மோட்டார் உண்டு. வளையம் போட்டா புதுசுலயும் சும்மா ஓடும்."

"பேசாதடா. 2018ல ரெண்டு வார இடைவெளியில ரெண்டு கம்பெனியும்தான் மவுண்ட்டை மாத்துச்சு."

சரி, கையில புடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலையில எல்லாரும் பாண்டி பீச் ரோடு போனோம். அந்த நேரத்துல அங்க வாக்கிங் போறவங்களை விட கல்யாணத்துக்கு முந்தி போட்டோ எடுக்க வந்த ஜோடிங்கதான் ஜாஸ்தி. பின்னால இருக்கிற பிரெஞ்சுத் தெருவுல ஒரு மஞ்சச் சுவர் விடாம ஆள் நிக்குது. சுவருக்கு வாயிருந்தா வாடகை கேட்கும்.

பழைய லைட் ஹவுஸ் பக்கத்துல அண்ணன் தன்னோட கேனானை மாமா கையில குடுத்தார். மாமா அதை வாங்கின விதம் இருக்கே, அடுத்த வீட்டுக் குழந்தையை, அதுவும் நனைஞ்ச குழந்தையை வாங்கற மாதிரி. எதிர்ல ஒரு ஜோடி. பொண்ணு சிவப்பு கவுன், மாப்பிள்ளை கோட்டு சூட்டு, கடற்கரை வேர்வை. மாமா ஜூம் பண்ணினார். ரெண்டு கம்பெனிக்கும் ஜூம் வளையம் சுத்தற திசை நேரெதிர். முப்பது வருஷப் பழக்கத்துல கை அது பாட்டுக்கு ஒரு பக்கம் போச்சு, ஜோடி எறும்பு சைஸ் ஆயிடுச்சு. பதறி மறுபக்கம் ஒரு திருப்பு. படத்துல மாப்பிள்ளையோட ரெண்டாவது பட்டன் மட்டும் இருந்துச்சு. நூல் பிரிஞ்சிருந்தது கூட தெரிஞ்சுது.

"பாத்தியா டீடெயிலு!"ன்னார் அண்ணன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாலும் எங்கயோ படிச்சதைச் சொன்னேன். கேனான் கம்பெனி முதன்முதல்ல விலைக்கு வித்த கேமரா, 1936ல வந்த ஹான்ஸா கேனான். அதுல இருந்த லென்ஸ் நிக்கோர். செஞ்சது நிப்பான் கோகாக்கு, அதாவது இன்னைக்கு நிக்கான். ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்.

மாமா எழுந்தே நின்னுட்டார். "கேட்டியா? எங்க கண்ணைக் கடன் வாங்கித்தான்டா நீங்க உலகத்தையே பாத்தீங்க!"

"கண்ணு மட்டும் வச்சு என்ன பண்ண? சொந்தமா ஒரு கேமரா பண்றதுக்கு உங்களுக்கு 1948 ஆச்சே!"

காந்தி சிலை வரைக்கும் இதே பேச்சு. பையன் அதுக்குள்ள ஒரு ஐஸ்கிரீம் முடிச்சிருந்தான்.

கடைசியில முடிவு பண்ணினது அக்காதான். அண்ணன் தன்கிட்ட ஸ்பேரா இருந்த கேனான் ஆர்பி மிரர்லெஸ் கேமராவை ஒரு லென்ஸோட, சீட்டுப் பணத்துக்குள்ள அடங்கற மாதிரி தர்றேன்னார். அக்கா ஒரே கேள்விதான் கேட்டா: "ரிப்பேர்னா நீங்களே பாத்துக்குவீங்களா?" "பாத்துக்கறேம்மா." நிக்கான் வீட்டுல கேனான் நுழைஞ்சுது. மாமா அன்னைக்கு ராத்திரி தோசை வேணாம்னுட்டார். அப்புறம் சாப்பிட்டார்.

ஆனா மனுஷன் சும்மா உட்காரலை. நிக்கான் லென்ஸ், படம் பதியற சென்சார்லேர்ந்து 46.5 மில்லிமீட்டர் தள்ளி உட்காரணும், இந்த கேனான்ல இருக்கிறது 20தான், மிச்ச இடத்துக்கு ஒரு வெறும் வளையம் போதும்னு கண்டுபிடிச்சுட்டார். ஆன்லைன்ல வரவழைச்சு, தன்னோட 50 எம்எம்மை பையன் கேமராவுல பூட்டினார். டி டைப்ங்கறதால வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற அப்பர்ச்சர் வளையம் லென்ஸ்லயே இருக்கு, ஃபோகஸ் கையால. பட்டனை அமுக்கினார். ஒண்ணும் நடக்கலை. நடுவுல கம்பி கிம்பி எதுவும் கிடையாதே, அதனால லென்ஸே மாட்டலைன்னு நெனச்சுக்கிச்சு கேமரா.

"எங்க லென்ஸை லென்ஸுன்னே ஒத்துக்க மாட்டேங்குது பாரு!"

"அறிமுகமில்லாதவங்க கிட்ட எங்க கேமரா பேசாதுடா"ன்னார் அண்ணன், டீயை உறிஞ்சிக்கிட்டே.

பையன் மெனுவுக்குள்ள போய், லென்ஸ் இல்லாட்டியும் ஷட்டர் விழட்டும்னு ஒரு செட்டிங்கை ஆன் பண்ணினான். எதிர்ல இருந்த மாமா மூஞ்சியையே கிளோசப்ல எடுத்தான். படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தாங்க.

"என்னா ஷார்ப்பு! லென்ஸ் எங்களுது."

"கலரைப் பாரு. அது எங்களுது."

அக்கா எட்டிப் பார்த்துட்டு, "ஷேவ் பண்ணி எத்தனை நாளாச்சு?"ன்னா.