துப்பாக்கியைப் பிடிக்கும் காகிதம்

ஆந்திரத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் குப்பம், பலமநேர் பக்கம் நிலக்கடலையும் தக்காளியும் போடுகிறவர்கள் துப்பாக்கி உரிமம் கேட்டு வருவது காட்டுப்பன்றிக்காக. பயிர்க் காவலுக்கு, குழாயின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே இடம் தருகிறது. காவல் நிலைய அறிக்கை, மருத்துவச் சான்று, கையாளப் பயிற்சி பெற்ற சான்று, பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் சேர்ந்த பிறகுதான் கோப்பு கலெக்டர் மேசைக்குப் போகும். அந்த வரிசையில் நிற்கும் விவசாயி கேட்பார்: "எங்களுக்குத்தான் இத்தனை கெடுபிடி. கும்பல் நடத்துறவன் யார்கிட்ட உரிமம் கேக்கறான்?"

இது நியாயமான கேள்வி. கும்பல்காரன் உரிமம் கேட்பதில்லை. ஆனால் அவன் கையில் இருக்கும் துப்பாக்கி எங்கிருந்தோ வந்திருக்கிறது. 1992இல் வீரப்பன் கும்பல் கர்நாடகத்தின் ராமாபுரா காவல் நிலையத்தைத் தாக்கிக் காவலர்களைக் கொன்று ஆயுதங்களை அள்ளிச் சென்றது. அவை அரசின் பதிவேட்டிலேயே இருந்த துப்பாக்கிகள். அத்தனை பயங்கரமாக இல்லாமல், சத்தமே இல்லாமல் நழுவுகிறவையும் உண்டு. அவற்றை நிறுத்துவது உரிமப் பிரிவு எழுத்தரின் வேலை.

முதல் கசிவு, இறந்தவரின் துப்பாக்கி. உரிமதாரர் இறந்ததும் அந்த உரிமத்தை வைத்து வேறு யாரும் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது. 21ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் கேட்கலாம். 2016 ஆயுத விதிகளில் அதற்குத் தனி வழியே இருக்கிறது. ஆனால் இறப்புப் பதிவேடும் உரிமப் பதிவேடும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. புதுப்பிக்கும் காலம் 2019 திருத்தத்தில் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. உரிமதாரருக்கு அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் புதுப்பித்த அடுத்த மாதமே ஒருவர் இறந்துபோனால், கிட்டத்தட்ட 5 ஆண்டுகளுக்கு அலுவலகத்துக்குத் தெரியவராது. அதற்குள் பரண் மேல் இருந்த துப்பாக்கி யார் கைக்குப் போனதென்று வீட்டாராலேயே சொல்ல முடியாமல் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறை கிராமவாரியாக உரிமப் பட்டியலை இறப்புப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தால் போதும். மண்டலத்துக்கு (ஆந்திரத்தின் வருவாய்ப் பிரிவு) ஒரு நாள் வேலை.

இரண்டாவது, நாட்டுத் துப்பாக்கி. தோட்டா போடும் துப்பாக்கி என்றால் வெற்றுத் தோட்டாவின் அடியில் சுத்தி ஊசியின் தடம் விழும். தடய அறிவியல் கூடத்தில் அதை வைத்து இந்தத் துப்பாக்கிதான் என்று சொல்லலாம். வாய்வழி கெட்டிப்பதில் தோட்டாவே கிடையாது. குழாயின் உட்புறம் வழவழவென்று இருப்பதால் ரவைக் குண்டிலும் தடம் நிற்காது. கள்ளத்தனமாகச் செய்ததென்றால் தொடர் எண்ணும் இராது. ஆகவே, சுட்டபின் கண்டுபிடிப்பதைவிடச் சுடுமுன் வெளியே வரவைப்பதுதான் வழி. தானாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அறிவித்து மலைக் கிராமங்களில் வாங்குவது இதனால்தான்.

இனிப் பிடிபட்ட பிறகு நடப்பதைப் பார்க்கலாம். உண்மையில் சட்டம் தோற்கும் இடம் இதுதான். உரிமமில்லாமல் வைத்திருந்த வழக்கில் 39ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டின், அதாவது கலெக்டரின், முன் அனுமதி வேண்டும். அந்த ஆணை ஒரு பக்கம்தான். பஞ்சநாமாவில் (பறிமுதலின்போது சாட்சிகள் முன் எழுதுவது; தமிழ்நாட்டுப் பக்கம் மகஜர் என்பார்கள்) "நாட்டுத் துப்பாக்கி ஒன்று" என்று மட்டும் எழுதியிருக்கும். குழாயின் நீளம், கட்டையின் மரம், எங்கே ஆணி, எங்கே கம்பி சுற்றியிருக்கிறது, எதுவும் இராது. ஆய்வுக்கூட அறிக்கையில் நீளம் குறிப்பிட்டிருக்கும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இது அதேதானா என்று கேட்பார். பொட்டலத்தின் மேல் வைத்த அரக்கு முத்திரையின் மாதிரி, ஒத்துப்பார்க்கத் தனியாக அனுப்பப்படவில்லை என்றால் அத்தோடு முடிந்தது. துப்பாக்கி சுடும் நிலையில் இருக்கிறது என்ற அறிக்கை வருமுன்பே அனுமதி ஆணையில் கையெழுத்தாகியிருந்தால், மனம் செலுத்தாமல் தந்த அனுமதி என்று வாதம் எழும். இப்படி விடுதலையாகும் ஒவ்வொருவனும் ஊருக்குத் திரும்பி, சட்டம் ஒன்றும் செய்யாது என்று நடந்து காட்டுகிறான். கும்பலுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம். மனம் பதறும் இடம் இது.

தண்டனை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2019 திருத்தம், குற்றக் கும்பலின் உறுப்பினர் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தாலே 10 ஆண்டு முதல் ஆயுள்வரை என்கிறது. கடத்தலுக்கும் அதேதான். ஆனால் கும்பல் என்று நிரூபிக்க வேண்டுமே! பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு, கும்பல் குற்றம் என்பதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகளை நீதிமன்றம் ஏற்றிருக்க வேண்டும் என்கிறது. எல்லையில் ஒருவன் மேல் ஒன்று குடியாத்தத்தில் தமிழில் இருக்கும். இன்னொன்று பலமநேரில் தெலுங்கில் இருக்கும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, ஓரிடத்தில் முதலெழுத்தாக. இரண்டையும் ஒரே ஆள் என்று கட்டிப்போட இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த ஒரு எழுத்தர் வேண்டும். இந்தப் பக்கம் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைப்பதுதான் நடப்பதில்லை.

துப்பாக்கிச் சட்டத்துக்கு எட்டாத கும்பலும் உண்டு. திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போகிறவர்களை நகர்த்துவது முன்பணமும் தரகரும் லாரியும். 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த மரம்வெட்டிகள். மரத்தை வாங்கி விற்கிறவர்கள் யாரும் அன்று காட்டில் விழவில்லை. அந்தச் சங்கிலியை அறுக்க வங்கிக் கணக்கையும் கிடங்கையும் பார்க்க வேண்டும். ஆயுதச் சட்டத்தை எத்தனை இறுக்கினாலும் அது நடக்காது.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்கு வரும்; ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி, எண் எழுதி, ரசீது தருவார்கள். எல்லோரும் வந்த துப்பாக்கிகளை எண்ணுகிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தும் வராதவைதான் முக்கியம். அந்த வீட்டுக்கு அன்று மாலையே ஆள் போக வேண்டும். உரிமதாரர் எல்லை தாண்டிப் பேரணாம்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றால், அங்குள்ள நிலையத்துக்குத் துப்பாக்கியின் எண்ணைச் சொல்லி, இரவுக்குள் பதில் வாங்க வேண்டும்.