காரின் காப்பீடு பத்திரமாகும்போது

காப்பீட்டு இடரை, அதாவது இழப்பீடு எதிர்பார்த்ததைவிடக் கூடிவிடும் அபாயத்தை, பத்திரமாக்கி மூலதனச் சந்தையில் முதலீட்டாளருக்கு விற்பது என்றாலே புயலும் நிலநடுக்கமும்தான் பேச்சில் அடிபடும். தனிநபர் வாகனக் காப்பீட்டைப் பத்திரமாக்கும் கணக்குகளில் வேலை செய்தவன் என்ற முறையில், புயலை விற்பதைவிடக் காரை விற்பதுதான் கடினம் என்பேன்.

பிரான்சின் ஆக்சா நிறுவனம் 2005இல் தன் வாகனக் காப்பீட்டுத் தொகுப்பின் மீது 20 கோடி யூரோ அளவில் இதைச் செய்து காட்டியது. 2007இல் ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின் தொகுப்புகளைச் சேர்த்து 45 கோடி யூரோவுக்கு இன்னொன்று வந்தது. அமைப்பு எளியதுதான்: பிரீமியத்தில் இழப்பீடாகப் போகும் பங்கு குறித்த எல்லையைத் தாண்டினால் முதலீட்டாளரின் அசல் குறையும்; பத்திரங்கள் தட்டுத்தட்டாகப் பிரிந்திருப்பதால், கீழ்த்தட்டுப் பத்திரக்காரர் முதலில் அடி வாங்குவார்.

பல லட்சம் பாலிசிகள் சேர்ந்துவிட்டால், எவர் எங்கே மோதினார் என்ற தற்செயல் சராசரியில் கரைந்துவிடுகிறது. எல்லாப் பாலிசிகளையும் ஒரே திசையில் தள்ளும் காரணங்களே மிஞ்சுகின்றன: உதிரிபாக விலை, காயத்துக்கு நீதிமன்றங்கள் வழங்கும் தொகை, சந்தையைப் பிடிக்க நிறுவனமே குறைத்துக்கொண்ட பிரீமியம். புயலின் வேகத்தைப் பத்திரம் விற்பவர் தீர்மானிப்பதில்லை. பிரீமியத்தைத் தீர்மானிப்பவர் அவரேதான். ஆகவே முதலீட்டாளர் சந்தேகப்படுவது சாலையை அல்ல, எங்களை, அது நியாயமும்கூட. நிறுவனம் இடரில் ஒரு பங்கைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கேட்பது இதனால்தான்.

அடுத்த சிக்கல் கிளெய்ம் முக்கோண அட்டவணையில் இருக்கிறது. விபத்து நடந்த ஆண்டு வரிசையாகவும், அதன்பின் கழிந்த ஆண்டுகள் பத்தியாகவும் நிற்கும் அந்த அட்டவணையில், பம்பர் நசுங்கிய கிளெய்ம்கள் முதல் பத்தியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். முதுகெலும்பில் அடிபட்டவரின் கிளெய்ம் அப்படியல்ல. முதலில், கொடுக்க வேண்டிவரும் என்று நிறுவனம் ஒதுக்கிவைக்கும் சிறு தொகையோடு கிடந்து, அறுவைசிகிச்சையும் வழக்கும் வந்தபின் மூன்றாம் பத்தியில் பல மடங்காக எழும். வழக்கு முடியும்வரை பத்திரம் காத்திருக்காது என்பதால், மீதி எவ்வளவு வளரும் என்பதற்கு ஒரு பெருக்கு எண்ணை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். இழப்பை மதிப்பிடும் கணித மாதிரியைக் கட்டுவதற்கு ஆன உழைப்பைவிட, அந்த ஓர் எண்ணுக்காக வழக்கறிஞர்களோடும் வெளியார் கணிப்பாளரோடும் நடந்த வாதமே அதிகம்.

இவ்வளவுக்கும் பதிலாக மறுகாப்பீடு, அதாவது காப்பீட்டு நிறுவனம் தன் இடருக்கு இன்னொரு நிறுவனத்திடம் எடுக்கும் காப்பீடு, வாங்கிவிடலாமே என்று நிதிப் பிரிவினர் கேட்பார்கள். மறுகாப்பீட்டு விலை மலிவாக இருக்கும் ஆண்டுகளில் அதற்கு என்னிடம் வலுவான மறுப்பு இருந்ததில்லை.